மொட்டு கருகும் மாதம்

மார்கழிப் பனிக்கு மல்லி மொட்டு கருகும்.
கிலோ மூவாயிரம் என்பார்கள் மாட்டுத்தாவணியில்.
எனக்குக் கூலி எடைக்குத்தான்;
விடியும்வரை குனிந்தாலும்
மடியில் நூறு கிராம் தேறாது.

அதனால் ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிடுவேன்.
ரேஷன் அரிசியில் வாரம் ஓர் உழக்கு
தகர டின்னுக்குள், காய்ந்த வேப்பிலையோடு.
கட்டிலுக்கடியில் கருவேல விறகு.
கால் கிலோ நெத்திலிக் கருவாடு,
பூனைக்குத் தெரியாமல்.
வீட்டுக்காரருக்கும்.

ஸ்வெட்டர்தான் ஒன்றே ஒன்று.
ராத்திரி ரெண்டு மணிக்கு என்னோடு பூக்காட்டுக்கு,
காலையில் பாண்டிமீனாவோடு பள்ளிக்கூடத்துக்கு.
வலையங்குளம் பஸ் நிறுத்தத்தில்
சூடு ஆறுமுன் கழற்றிக் கொடுப்பேன்.
"பூ நாத்தம்மா" என்று மூக்கைச் சுளித்து
மாட்டிக்கொள்வாள்.

பஸ் போனபின்
முந்தானையை ரெண்டாய் மடித்துப் போர்த்தி
நடப்பேன்,
டின்னில் எத்தனை உழக்கென்று
மறுபடி எண்ணிக்கொண்டு.