லைன் வண்டி

கீழமாசி வீதி குடோனில்
காலை ஏழு மணிக்கு லோடு ஏற்றுவேன்.
வளையம், குச்சி, நட்சத்திரம், தக்காளி வீல்,
எல்லாம் ஐந்து ரூபாய்ச் சரம்.
வில்லாபுரம், அவனியாபுரம், பெருங்குடி வரை
என் லைன்.
ஒன்பது வருஷத்தில் ஒரு பாக்கெட்டையும்
திருப்பிப் பார்த்ததில்லை.
முன்பக்கம்தானே விற்கிறது.

சோலையழகனுக்கு எட்டு வயது.
பதினாறாம் வாய்ப்பாட்டில் பாதியில் எழுந்து
ஜன்னல் கம்பியை எண்ணப் போய்விடுகிறான் என்றார் டீச்சர்.
அதையாவது எண்ணி முடிக்கிறானா என்றால் அதுவும் இல்லை.
மூன்று பென்சில் பெட்டி, இரண்டு தண்ணீர் பாட்டில்,
வலதுகால் செருப்பு ஒன்று.
தொலைத்ததில் இந்த வருஷக் கணக்கு.

அண்ணா நகர் டாக்டரம்மா
எதையும் அடித்துச் சொல்லவில்லை.
"சில பிள்ளைகளுக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.
சாயம் போட்டதை ஆறு வாரம் நிறுத்திப் பாருங்க.
வெறும் வயிற்றோட ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க.
முட்டை, பயறு, என்ன குடுத்தாலும் எழுதி வைங்க.
மாத்திரை பத்தி அப்புறம் பேசலாம்."
பிறகு கேட்டார்,
"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"
முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள்.
"வண்டி ஓட்டுறேன்" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி
வண்டிக்குள் செல்போன் வெளிச்சத்தில்
முதல் தடவையாகத் திருப்பினேன்.
எறும்பு முட்டை அளவு எழுத்து.
நூற்றி இரண்டு. நூற்றிப் பத்து. நூற்றி இருபத்திரண்டு.
பஸ் நம்பர் மாதிரி இருந்தது.
எந்த ஊருக்குப் போகும் என்று போடவில்லை.

முத்துப்பேச்சியின் நோட்டு:
திங்கள். கேப்பைத் தோசை ஒன்று, முட்டை. புகார் இல்லை.
செவ்வாய். அதே கேப்பை, அதே முட்டை. புகார் உண்டு.
புதன். பாசிப்பயறைத் தொடவில்லை, அழுகை.
ஆனாலும் கணக்கு ஒரு பக்கம் போட்டான்.
வியாழன். பக்கத்து வீட்டுக் காதுகுத்து, கேசரி.
நான் கவனிப்பதற்குள் தின்றுவிட்டான். ராத்திரி நன்றாகத் தூங்கினான்.
வெள்ளி. தெரியவில்லை.
அந்தத் 'தெரியவில்லை'யின் கீழே
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே தவமணி அக்கா கடை
என் லைனில் பதினாலாவது.
"வளையம் ரெண்டு சரம் கூடப் போடுப்பா,
பரீட்சை வருதுல்ல, பிள்ளைக கொறிச்சுக்கிட்டே படிக்கும்."
போட்டேன்.
டார்கெட்டுக்கு இன்னும் பதினெட்டாயிரம் பாக்கி.
மணியடித்து வெளியே கொட்டிய பிள்ளைகளின்
விரல்நுனியெல்லாம் ஆரஞ்சு.
என் மகன் கையில் மட்டும் டப்பா,
அவித்த கொண்டைக்கடலை.
பத்துக் கடலைக்கு ஒரு வளையம் என்று
நிதானமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.
ஹாரன் அடிக்கக் கை போனது.
அடிக்கவில்லை.
நான் இறக்கிய சரக்குத்தானே.

நாலாவது வார ஞாயிறு, அவனைக் காணோம்.
வண்டிக்குள் இருந்தான்,
சரத்தையெல்லாம் பிரித்துக் கவிழ்த்துப் போட்டு.
"நம்பர் போட்டது இந்தப் பக்கம்ப்பா,
போடாதது அந்தப் பக்கம்."
இருநூற்று நாற்பது பாக்கெட்.
திட்டுவதற்காகத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்,
ஒன்றுகூட இடம் மாறியிருக்கவில்லை.
அந்தப் பக்கம் உப்புக்கடலை மட்டும் கிடந்தது.
"இது திங்கலாமா?"
அவன் விரல்களைப் பார்க்க வேண்டாமென்று
பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தேன்.

உள்ளே நோட்டோடு காத்திருந்தாள்.
"ஞாயித்துக்கிழமைக்கு என்ன எழுத?"
கடலை என்றேன்.
"புகார்?"

பிரித்ததையெல்லாம் இனி
ஸ்டேப்ளர் அடித்துச் சரமாக்க வேண்டும்.
விடிந்தால் திங்கள்.
தவமணி அக்கா வேறு
ரெண்டு சரம் கூடக் கேட்டிருக்கிறாள்.