பதினோரு காதம்

மணற்குடுவையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டால்
சூட்டில் கழுத்து இளகி மணல் சீக்கிரம் இறங்கும் என்று
எனக்குச் சொன்னவன் லாசரோ.
அவனுக்கு வயது பன்னிரண்டு, எனக்குப் பதினொன்று.
இளகியதோ இல்லையோ தெரியாது.
கடைசிச் சிட்டிகை விழுமுன்னே
புரட்டிவிடுவோம். அது நிச்சயம்.

எட்டு முறை புரட்டினால் ஒரு காவல் முடியும்.
புரட்டும்போதெல்லாம் உரக்கக் கூவ வேண்டும்,
கூவாவிட்டால் அணியத்திலிருந்து கெட்ட வார்த்தை வரும்.
கூவினோம். தேவமாதாவின் பேரைச் சொல்லித்தான் கூவினோம்.
காவல் முடிந்ததும் கயிற்றுச் சுருளுக்குள் போய்ச் சுருண்டுகொள்வோம்.
தாரும் எலிப்புழுக்கையும் நாறும் அந்த வட்டத்தில்
ராஜாவுக்கும் வாய்க்காத தூக்கம்.

மாலுமி ஓச்சோவா சுபிலெத்தா
நுரையைப் பார்த்தே வேகம் சொல்லுவார்.
வேகத்தைக் குடுவைக் கணக்கால் பெருக்கி
வரைபடத்தில் கவராயத்தின் காலை எடுத்து வைப்பார்,
சேற்றில் நடக்கும் கொக்கு மாதிரி.
வெயில் காய்ந்தால் உச்சிப்பொழுதைப் பார்த்து
எங்கள் கள்ளத்தை அறியாமலே திருத்திவிடுவார்.
அந்தப் பயணத்தில் வெயிலே காயவில்லை.

நாற்பத்தொரு நாள்.
பிறகு, யாரும் அளந்திராத ஒரு கரை.
தூரத்தைக் கூட்டி எழுதி மணல் தூவி உலர்த்தினார்.

செவில்லில் சத்தியம் கேட்டார்கள்.
சிலுவையைத் தொட்டுச் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை.
கன்றுத்தோலில் கடல் வரையப்பட்டது,
இருக்கிற கடலைவிடப் பதினோரு காதம் அகலமாக.
அந்தப் பதினோரு காதத்தில்
மீன் இல்லை, உப்பு இல்லை.
இரண்டு பையன்களின் தூக்கம் இருக்கிறது.

இப்போது திரியானாவில் கலப்பற்று அடிக்கிறேன்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே சணல் திணித்து
உளியால் அறைந்து தார் ஊற்றுகிற வேலை.
என் மனைவி பிரியாந்தாவின் தம்பி ஏறிய கப்பலுக்கும்
நான்தான் அடித்தேன். ஒரு சொட்டு ஒழுகியிராது.
விடிந்தபிறகுதான் கரை என்று வரைபடத்தை நம்பி
முழுப்பாயும் விரித்து
இருட்டில் பாறைமேல் ஏறிவிட்டார்கள்.
அவளிடம் காற்று என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வரைபடச் சாலைக்குப் போனேன்.
எழுத்தன் என் கருத்த நகங்களைப் பார்த்தான்.
"சுபிலெத்தா சத்தியம் செய்தாரா?"
"செய்தார்."
"அப்புறம் என்ன?"
கதவுக்குப் பின்னால் ஆறு பேர் குனிந்து
அதே கடலைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வழியில், பாலத்தின் நடுவே, அது உறைத்தது.
எங்களைப்போல் திருடுகிற பையன் ஏறினால்
அந்த வரைபடம் சரி.
யோக்கியன் ஏறினால்தான் ஆபத்து.

அதிலிருந்து, கப்பல் புறப்படும் நாளெல்லாம்
ஏறுபலகை அருகே போய் நிற்கிறேன்.
குடுவைப் பையன்கள் மூட்டையோடு வருவார்கள்.
நேற்று ஒருவன் தலையைப் படிய வாரி,
கழுத்துவரை பொத்தான் போட்டு, துடிப்பாக ஏறினான்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
அவன் பின்னாலேயே இன்னொருவன்,
ஒரு காலில் மட்டும் செருப்பு,
கடைவாய்ப்பல் தெரியக் கொட்டாவி.

ஆண்டவரே,
ராக்காவல் இவனுக்கே விழட்டும்.