விடுதலைப் பத்திரம்

காங்கயம் சார்பதிவாளர் ஆபீசில்
பூர்வீகச் சொத்தில் எனக்கினிப் பாத்தியதை இல்லையென்று
கைநாட்டும் கையெழுத்தும் வைத்த மத்தியானம்
பெரியண்ணன் கேட்டார்:
"உனக்கென்ன வேணும் அம்மணி, சொல்லு."
துப்பாக்கி, என்றேன்.

கிணற்றடிக் காடு பெரியவருக்கு.
தோப்பும் போரும் சின்னவருக்கு.
தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனுக்குச் சுமந்து
ரசீது வாங்கச் சடைந்துகொண்டு
இருவரும் ஒதுக்கிய ஒன்று
அட்டாலியில் கோணிச்சாக்குக்குள் கிடந்தது.
சின்ன அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லைசென்ஸ் என் பேருக்கு மாறப் பதினாலு மாதம்.
"காரணம்" என்ற கட்டத்தில்
காட்டுப்பன்னின்னு போடுங்க என்றார் கிளார்க்.
காடே இல்லாதவளுக்கு எந்தப் பன்றி?
வாரிசு, என்று எழுதினேன்.

கணபதியில் பம்பு கம்பெனியில்
நாளெல்லாம் துளை அளப்பது என் வேலை.
அதனால் முதலில் அளந்தேன்.
பத்தொன்பது மில்லி. வாயில் மட்டும் மயிரிழைத் தேய்மானம்.
டார்ச் அடித்தால்
ஏழு வரிகள்
அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டே
அடிவரை இறங்கின.
எவன் இழைத்தானோ,
அவன் வேலையை நான் ரிஜெக்ட் செய்திருக்க மாட்டேன்.

ஈயம் காய்ச்சி அச்சில் ஊற்றி
ஆறிய குண்டைத் தராசில் வைத்தேன்.
முப்பத்தெட்டரை கிராம்.
பவுன் கணக்கில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.
எனக்குப் போட்டதும் ஐந்தென்றுதான் பேச்சு,
சேதாரம் போக இவ்வளவுதான் இருந்திருக்கும்.

ஊதியூருக்குக் கிழக்கே தண்ணீர் வற்றிய கல்குழி,
கூட வேலை பார்க்கும் திலகாமணி வீட்டாருடையது.
மருந்தை அளந்து கொட்டி
விளக்கெண்ணெயில் தோய்த்த
பழைய பாவாடைத் துணியில் குண்டைப் பொதிந்து
கோலால் இறக்கினால்
பாதி வழியில் அடம்பிடிக்கும்.
விடாமல் அழுத்த வேண்டும்.
நடுவில் காற்றிடம் இடம் விட்டால் குழலே பிளந்துவிடும்.
பிறகு கேப்பு.
பிறகு மூச்சை நிறுத்துவது.

உக்கடம் பஸ்ஸில் இடிப்பவனைப் போல அல்ல,
எதிரில் வந்து நின்று
சொல்லிவிட்டுத் தள்ளியது.

அதற்கப்புறம் புகை.
வெள்ளையாக, கெட்டியாக,
அழுகிய முட்டை வாசத்தோடு.
பட்டதா இல்லையா, தெரியாது.
கணவாயிலிருந்து காற்று வந்து
திரையை விலக்கும்வரை
சுட்டவளுக்கும் ஒன்றும் தெரியாது.

மூன்றாம் தடவை கோலை உருவ மறந்தேன்.
குண்டோடு கோலும் போனது,
கொரங்காட்டுப் பக்கமாக,
விசிலடித்துக்கொண்டு.
ஆளில்லாத இடம் என்பதால் இதை எழுத முடிகிறது.
அன்றிரவு தூங்கவில்லை.

அடுத்த ஞாயிறு
கிளுவை வேலிக்கு அந்தப்புறம்
செம்மறி ஓட்டும் சென்னிமலையான்
பித்தளைப் பூண் போட்ட அதே கோலால்
வெள்வேலங்காய் உலுக்கிக்கொண்டிருந்தான்.
"உங்குளுதுங்களா? நல்லா எட்டுதுங்க."
இரண்டாவது ஆட்டுக்குட்டி என் துப்பட்டாவை மென்றது.
வெச்சுக்கோங்க, என்றேன்.
திங்கட்கிழமை லேத்தில் புதுசாக ஒன்று கடைந்தேன்,
கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டி,
மறக்காமலிருக்க.

தேர்தல் தேதி வந்தது.
ஸ்டேஷன் ரைட்டர் சொல்லிக்கொண்டே எழுதினார்:
"நாட்டுத் துப்பாக்கி, ஒன்று, பழையது."
ரைபிள்ங்க, உள்ளே வரி இருக்கு, என்றேன்.
குழலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.
சார், அப்படிப் பார்க்கக் கூடாது, என்றேன்.
கண்ணை எடுத்துக்கொண்டார்.
"வீட்டுக்காரர் பேரு?"
லைசென்ஸை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படித்தார்.

ரசீதோடு வெளியே வந்தேன்.
தோளில் நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம்,
அதை ஒப்படைக்க எந்தப் பத்தியும் இல்லை.

பஸ்ஸில் போன் அடித்தது. பெரியண்ணன்.
"ஏம்மணி, பன்னி பூந்து மக்காச்சோளத்தையெல்லாம்
ஒழப்பிப் போட்டுருச்சு.
பாரஸ்ட்டுல எழுதிக் குடுத்திருக்கறேன்.
அதை எடுத்துட்டு ஒரெட்டு வந்துட்டுப் போறயா?"

ஸ்டேஷன்ல இருக்குதுங்ண்ணா, என்றேன்.
எண்ணி முடியட்டும்.