பூமிக்குப் புள்ளி இல்லை

ஐந்து ரோடு. கீழே டயர் கடை,
மேலே என் ஒற்றை அறை.
சித்திரை வெயிலை இரவு பத்து மணிக்கும்
சுவர் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது.
திரையில் பதினான்கு அத்தியாயங்கள்
தலைப்பெழுத்து இல்லாமல்.

"ஜாலியா இருக்கணும்" என்றார் பதிப்பாளர்.
"ஆனா பாடமாவும் தெரியணும்.
கொஞ்சம் ராக்கெட் மாதிரி."
எழுத்து எப்படி ராக்கெட் மாதிரி இருக்கும் என்று
நான் கேட்கவில்லை.
முன்பணத்தில் பாதி வாடகைக்குப் போய்விட்டது.

முதலில் ஓர் உலோக எழுத்து.
வளைவையெல்லாம் வெட்டி மூலையாக்கியிருந்தார்கள்.
'ஞாயிறு' இரும்பாலை வாசலில்
அடையாள அட்டையோடு நின்றது.
சூரியனுக்கு ஏது மூலை?

அடுத்தது பலூன் எழுத்து.
'வெள்ளி' அதில் பிறந்தநாள் கேக்.
அதற்குக் கீழேயே
ஈயம் உருகும் சூடு என்று எழுதியிருக்கிறார்
ஏற்காட்டு எமரென்சியா டீச்சர்.
மலையில் மழை போலிருக்கிறது,
அவர் குரல்செய்தி விட்டுவிட்டு வருகிறது:
"வெள்ளி குளுகுளுன்னு... பசங்க நினைச்சுட... விடாதம்மா."
எப்படி விடாமல் இருப்பது?
எங்கள் ஊர் வெள்ளியே
செவ்வாய்ப்பேட்டையில்தான் கொலுசாகிறது.

மூன்றாவது எழுத்து பிடித்தது, புள்ளிக்காக.
மெய்யை ஒட்டாமல்
ஒரு விரல்கடை மேலே
உருண்டையாக மிதந்தது.
ஆசையாக ஒவ்வொரு கோளையும் அதில் அடித்துப் பார்த்தேன்.
பிறகுதான் கணக்கு இடித்தது.

புதனுக்கு நிலா கிடையாது; புள்ளி உண்டு.
வெள்ளிக்கும் அப்படியே.
வியாழனுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலா,
தமிழ் தந்தது ஒன்று.
இருநூறைத் தாண்டிய சனி
மொட்டைத் தலையோடு.
செவ்வாய் மட்டும் நேர்மை:
நிலா இரண்டு, புள்ளி இரண்டு.
எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன்,
மறுபடி எண்ணினேன். இரண்டேதான்.

சனிக்கு இரக்கப்பட்டு
மேல்விலங்கை இழுத்து வளையமாகச் சுழித்தேன்.
பதிப்பாளருக்கு அனுப்பினால்
மூன்று நெருப்பு, இரண்டு கைதட்டல்.
காலையில் டயர் கடை அஃப்ரா மேலே வந்தாள்,
நாலாம் வகுப்பு,
பெயரிலேயே மூன்று புள்ளி சேர்ந்தாற்போல் வைத்திருப்பவள்.
திரையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்:
"சனீ."
இன்னொரு தரம், ஆட்டுக்குட்டி மாதிரி, "சனீஈஈ."
வளையத்தைக் கழற்றினேன்.

அச்சகத்தில் சோதனைத் தாள்.
எழுத்து தடிமன், தாள் மலிவு, மை பரவிவிட்டது.
'கருந்துளை'யில் ளை-யின் சுழியெல்லாம் அடைத்து
ஒரே கறுப்பு.
"பிளேட்டை மாத்திடறேன் மேடம்" என்று
தலையைச் சொறிந்தார் சித்தேஸ்வரன்.
மற்ற பதின்மூன்றை நான் மெலிதாக்கித் தருகிறேன்,
இதை மட்டும் தொடாதீர்கள் என்றேன்.
அவர் என்னையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார்.
பில்லின் ஓரத்தில்
'வாடிக்கையாளர் ஒப்புதலுடன்' என்று எழுதிக்கொண்டார்.

கடைசியில் 'பூமி'.
இரண்டே எழுத்து. புள்ளியே இல்லை.
இருக்கிற ஒற்றை நிலாவையும் வெளியே நிறுத்திவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டதுபோல்.
அஃப்ரா பென்சிலால் 'மி' மேல் ஒன்று வைத்தாள்.
"அங்க வெச்சா 'பூம்'னு வெடிச்சிடும்" என்றேன்.
"அப்ப தள்ளி வெக்கலாம். எவ்ளோ தள்ளி?"

டீச்சரின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது:
பூமியின் அகலத்தைப்போல் முப்பது மடங்கு.
தலைப்பை ஸ்கேலால் அளந்தோம். மூன்று சென்டிமீட்டர்.
தாள் முடிந்தது, மேசை முடிந்தது,
தொண்ணூறாவது சென்டிமீட்டர்
மின்விசிறி ஸ்விட்ச் அருகே, சுவரில்.
எம்பி நின்று வைத்தாள்.

மாலையில் பதிப்பாளர் அழைத்தார்,
தலைப்பெல்லாம் முடிஞ்சுதா?
ஒன்றுக்கு மட்டும்
பக்கம் போதவில்லை என்றேன்.