பூஜ்யம் புள்ளி ஒன்பது

பூன் லே காப்பிக்கடையில் நள்ளிரவு பன்னிரண்டு.
சாக்சனியில் மாலை ஆறு.
கைப்பேசியைச் சம்பால் கிண்ணத்தில் சாய்த்து வைத்து
இரண்டு நிமிடம் பேசாதே என்றான் ஊவே.

துவாஸில் எங்களுக்கு ஒரே கொட்டகை.
அவன் கம்பெனி விற்ற இயந்திரங்களுக்கு
நான் எண்ணெய் விடுகிறேன்.
அவன் பாஸ் வேறு வகை, என் பாஸ் வேறு வகை.
இரண்டிலும் முடிகிற தேதி உண்டு.

அவனுக்கு இரண்டு அண்ணன்கள்.
மூத்தவன் ராய்க், சின்னக் கட்சி.
நடுவன் தோர்ஸ்டன், பெரிய கட்சி.
இரண்டு கட்சிக்கும் ஆகாதவன் ஒருத்தன்தான்:
அந்த ஊருக்குப் பிழைக்கப் போன
என்னைப் போன்ற யாரோ.
ஆனால் அடித்துக்கொள்வதெல்லாம் தங்களுக்குள்.
பங்காளிச் சண்டை என்றேன்.
அந்தச் சொல்லை
இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஒரு காலத்தில் ராய்க்கின் கட்சிக்குச்
சபையில் நாற்காலி இருந்ததாம்.
அப்போது அவனுக்குப் பசை வாளி தூக்கியவன் தோர்ஸ்டன்.
பிறகு கோட்டுப் போட்ட கட்சி ஒன்று வந்தது,
அதே வார்த்தைகளை இஸ்திரி போட்டு மடித்து.
தோர்ஸ்டன் வாளியைக் கீழே வைத்தான்.
ஊரில் பாதியும் வைத்தது.
சேரும்போது நிரப்பிய தாளில்
வாளியைப் பற்றி அவன் எழுதவில்லை.
ராய்க்கிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது,
வாளியோடு.

ஆறு அடித்தது.
திரையில் நீலக் கம்பம் எழும்பி
எழும்பி
நின்ற இடம் பார்த்து
பக்கத்து மேசைக்காரன்கூடத் திரும்பினான்.
சின்னக் கட்சிக்குக் கம்பமே இல்லை.
'மற்றவை' என்று ஒரு சாம்பல் துண்டு,
அதற்குள் எங்கோ ராய்க்.

ஐந்து தொட்டால் நாற்காலி, அது கனவு.
ஒன்று தொட்டால் அரசாங்கம் பணம் தரும்,
சுவரொட்டிக் கடன் அடையும்.
விடியும் மட்டும் இருந்து பார்ப்போம்
என்று இன்னொரு காப்பி ஓ கோசோங் சொன்னான்.

இரண்டு மணிக்கு, கேட்காமலே சொன்னான்:
'போன மாதம் அவனுக்கு மூவாயிரம் அனுப்பினேன்.'
வெள்ளியா?
'வெள்ளிதான்.'
நானும் அனுப்புகிறேன், எண்ணூறு,
தங்கச்சியின் நர்சிங் படிப்புக்கு.
அவனுடையது அட்டையாகி
விளக்குக் கம்பத்தில் ஏறியிருக்கிறது.
என்ன எழுதியிருக்கிறது என்றேன்.
கொஞ்சம் யோசித்து மொழிபெயர்த்தான்:
'பெட்டியைக் கட்டு, வீட்டுக்குப் போ.'

துவாஸ் வெள்ளியில் அச்சடித்தது.

கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன்.
படம் காட்டினான்.
ஏணியின் கடைசிப் படியில் ராய்க்,
ஐம்பத்தெட்டு வயது,
பல்லில் கம்பிக்கட்டு.
உச்சியில் கட்டினால்தான் கிழிக்க மாட்டார்களாம்.
பன்னிரண்டு வருடமாக உயரத்தில் வேலை செய்கிறவன் நான்.
வாயில் வந்தது இதுதான்:
இடுப்புப் பட்டை போடவில்லையா?
ஊவே சிரித்தான்.
அப்புறம் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.
'இல்லை' என்றான்.

மூன்றே முக்காலுக்கு முழுக் கணக்கு.
பூஜ்யம் புள்ளி ஒன்பது.
உடனே கைப்பேசி அடித்தது, ராய்க்.
எனக்கு அந்த மொழி தெரியாது.
காதில் விழுந்தது ஒரே பெயர்:
தோர்ஸ்டன். தோர்ஸ்டன். தோர்ஸ்டன்.
என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருந்த மாதிரி இல்லை.

வைத்துவிட்டு,
இனி ஒரு காசு அனுப்ப மாட்டேன் என்றான்.
நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்,
என் அண்ணனைப் பற்றி, மூன்று முறை.

மேசை துடைக்க வந்த ஃபூஜியான் அக்கா
கைப்பேசியைத் தூக்கிக் கீழே துடைத்தாள்.
நீலக் கம்பத்தைப் பார்த்து,
பந்தாட்டமா, யார் ஜெயித்தது என்று கேட்டாள்.

'என் அண்ணன்' என்றான் ஊவே.

நல்லது, நல்லது என்று
கோப்பைகளை அடுக்கி எடுத்துப் போனாள்.