கூப்பிடாதவள்

வெள்ளிக்கிழமை தயாமணி வருவாள்.
கையில் துண்டுத்தாள், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு.
பள்ளிப்பட்டிலிருந்து நகரி வரைக்கும்
ஒரே தாளில் கரையேற்றிவிடலாம் அவள் கணக்கில்.
நான் வாங்கி
நூல்கண்டுக்கு அடியில் வைப்பேன்.
எண்ணெய் உறிஞ்ச நல்ல தாள்.
அவளுக்கும் தெரியும்.
அடுத்த வெள்ளி இன்னொன்று தருவாள்.

அன்றைக்குக் கரண்ட் போனது.
நாலு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை,
அமைதி வந்தது தெரியாமல்
தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்:
"இருவது வருசமா நான் உன்னக் கூப்புடறேன் பூசணம்.
ஒரு வாட்டியாவது நீ என்னக் கூப்ட்டியா
உன் சாமிகிட்ட?"

எங்கள் சாமிக்கு ஆள் சேர்க்கத் தெரியாது என்றேன்.
பெருமையாகத்தான் சொன்னேன்.
ஏரிக்கரைப் புங்கமரத்தடியில் ஏழு கல்.
நோட்டீஸ் கிடையாது. மைக்செட் ஆடிக்கு மட்டும்.
மழைக்கு யார் பிரசங்கம் செய்தார்கள்?
புங்க நிழல் போய் யார் கதவைத் தட்டியது?
எப்போதோ யோசித்து வைத்திருந்ததுபோல
வாய்க்கு வந்தது.

ஏழு என்கிறோம், எண்ணினால் ஆறுதான்.
ரோடு அகலப்படுத்தியபோது பொக்லைன்
ஒன்றைப் புரட்டி ஆந்திரா பக்கம் தள்ளிவிட்டது.
அங்கே அதற்கு யாரோ மஞ்சள் பூசி
கங்கம்மா என்கிறார்கள், அம்பலி ஊற்றுகிறார்கள்.
எங்களில் இதுவரை மாறியது
அந்த ஒரு கல்தான்.
அதையும் யாரும் பேசி மாற்றவில்லை.

தயாமணி சிரிக்கவில்லை.
"எங்கம்மா நின்ன எடம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது.
கால்வாய்க்கு அந்தப் பக்கம், எருக்கஞ்செடி ஓரம்.
பொங்கல் பொங்கி, படைத்து, எல்லாரும் தின்று முடிந்து,
கரண்டியை உயரத் தூக்கி
அவள் முந்தானையில் போட்ட ஒரு கட்டி.
தூக்கிய கை என் மாமியாருடையது.
கரண்டியைக் கழுவியது நான்.

மழை கதவைத் தட்டுவதில்லை, சரி.
கால்வாயோடு
நின்றுவிடுவதும் இல்லையே.

ராத்திரி இவரைக் கேட்டேன்.
கல்லுக்கு விளக்கு வைக்கிறவர் இவர்தான்.
நம்ம சாமிக்கு ஒருத்தியைச் சேர்க்க என்ன செய்யணும்?
"சேக்கறதா? பொறக்கணும்."
அந்தக் கல்லு ஆந்திராவுலயா பொறந்துச்சு?
மோர் ஊற்றச் சொன்னார்.

படுத்துக்கொண்டு நானும் ஒரு நோட்டீஸ் எழுதிப் பார்த்தேன், மனசுக்குள்.
எங்களிடம் சொர்க்கம் இல்லை.
பாவம் கழுவ ஆறு இல்லை, இருந்ததை லாரி அள்ளிப்போனது.
கோபம் வந்தால் அம்மை போடுவாள்.
நிழல் உண்டு. பொங்கல் உண்டு.
பானை நீயே கொண்டுவரணும்.
இதற்கு யார் வருவார்கள்?
உன் சாமியை விட்டுவிட்டு வா என்று
கடைசி வரி போடப் பார்த்தேன், வரவில்லை.
இவள் விட்டுவிட்டால்
அந்தச் சாமி ராத்திரி எங்கே போய்ப் படுக்கும்?

அடுத்த வெள்ளி அவள் தந்த தாளிலேயே
துணிக்குக் குறிபோடும் பென்சிலால், ஓரத்தில் எழுதினேன்.
செவ்வாய். காலை பத்து மணி.
கால்வாய்க்கு இந்தப் பக்கம்.
திருப்பிக் கொடுத்தேன்.

படித்தாள். தெலுங்குப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்,
அங்கேயும் எழுதியிருக்கிறேனோ என்று.
"பாஸ்டரைக் கேக்கணும்" என்றாள்.
நான் இவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள், கொஞ்சம்.
தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாளா,
பையில் மற்ற தாள்களோடு போட்டாளா, பார்க்கவில்லை.
அறுந்த இழை ஒன்று என்னைக் கூப்பிட்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்,
"வர்றேன்."

போகிறவர்கள் எல்லாரும்
சொல்கிற வார்த்தைதான் அது.