மூச்சு விடும் இடம்

நாளுக்குப் பதினோரு தரம்.
எண்ணியிருக்கிறேன்.
ஒன்பதாம் நம்பர் கல்லாவில் உட்கார்ந்து
ஹெர்ரிங் டப்பாவையும் கம்பு ரொட்டியையும்
சிவப்புக் கோட்டின் மேல் இழுத்து இழுத்து
பீப், பீப் என்று நான் என் வேலையைப் பார்க்க,
கூரையிலிருந்து அவன் ஆரம்பிப்பான்:
"ஜன்னலைத் திற, ஜூலை வந்திருக்கிறது."

க்ளைபேடாவில் ஜூலைகூட
ஜன்னலைத் திறக்கிற மாதம் இல்லை.
கடல் காற்று திரைச்சீலையைத் தின்றுவிடும்.
எழுதியவன் தலைநகரத்துக்காரனாக இருக்க வேண்டும்.

காது புளித்துப்போன பாட்டு.
இருபத்திரண்டு வருடப் புளிப்பு.
கைதட்டலை மெஷின் தட்டுகிறது,
வயலின் ஒரு பொத்தானுக்குள் இருக்கிறது,
கடைசிச் சரணத்தில் காரணமே இல்லாமல்
சுருதி ஒரு படி மேலே ஏறும்,
மூட்டுவலிக்காரனை யாரோ பின்னாலிருந்து
மாடிக்குத் தள்ளுவது மாதிரி.

பக்கத்துக் கல்லா ஜிட்ரூனே நேர் எதிர்.
அவள் கல்யாணத்தில் இதுதான் ஓடியது.
விவாகரத்து வாங்கித் திரும்பிய டாக்ஸியிலும் இதுதான்.
"இரண்டு தடவையும் பொருத்தமாக இருந்தது" என்பாள்.
அவள்தான் டிக்கெட் எடுத்தாள்,
பதினெட்டு யூரோ, எனக்கும் சேர்த்து.
"உன் பாவத்தைக் கழுவ" என்றாள்.

டானே ஆற்றங்கரை, பழைய கிடங்கு முற்றம்.
மழையாகலாமா என்று யோசிக்கிற வானம்.
தௌத்வீதாஸ் வந்தான்.
சுவரொட்டியில் இருந்தவனுக்குப்
பெரியப்பா மாதிரி இருந்தான்.
முதல் ஏழு பாட்டும் யாருக்கும் தெரியாதவை.
ஜனங்கள் பீர் வாங்கப் போனார்கள், வந்தார்கள், போனார்கள்.
எதற்காக நிற்கிறார்கள் என்று
அவனுக்குத் தெரியும்.
வாசலில் கடன்காரனைப் பார்த்துவிட்டவன் மாதிரி
ஒரு சிரிப்புச் சிரித்து
கிடாரில் சுருதியை ஒரு கட்டை இறக்கினான்.

"ஜன்னலைத் திற..."
நின்றான்.
மூச்சு எடுத்தான்.
மைக்கில் அது கேட்டது:
ஈரமாக, கொஞ்சம் கரகரப்பாக,
நாலு மாடி ஏறி வந்தவன்
சட்டைப்பையில் சாவி தேடும்போது எடுக்கிற மூச்சு.
பிறகுதான் ஜூலை வந்தது.

உச்ச ஸ்தாயி வரும் இடத்தில்
மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிட்டான்.
நாங்கள்தான் பாடினோம்.
நாங்கள் என்றா சொன்னேன்?
ஆமாம். எனக்கும் ஒரு வரி விடாமல் தெரிந்திருந்தது.
ட்ரம்ஸ்காரன் ஓர் அடி பிந்தினான்.
மழை வந்தேவிட்டது.
யாரோ என்னைக் குடைக்குள் இழுத்தார்கள்,
அவர் தோளில் மீன் வாடை.

திரும்பும் வழியெல்லாம் ஜிட்ரூனே அழாத குறை.
"ரெக்கார்டு மாதிரியே இல்லை.
வயலின் எங்கே? அந்த ஏற்றம் எங்கே?
என் கல்யாணத்தையே தப்பாகப் பாடிவிட்டான்."
பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு
அசலைக் கேட்டுச் சமாதானமானாள்.
எது அசல் என்று நான் கேட்கவில்லை.
ஈரச் செருப்போடு தத்துவம் பேசக் கூடாது.

இன்று திங்கள். காலை ஒன்பது பத்து.
பாட்டு இன்னும் பிடிக்கவில்லை,
தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.
வயலின் அதே பொத்தானில். சுருதி அதே மாடியில்.
ஆனால் ஜன்னலுக்கும் ஜூலைக்கும் நடுவே
ஒரு தையல் இருக்கிறது.
அவன் மூச்சை யாரோ வெட்டி எடுத்து
விளிம்போடு விளிம்பு ஒட்டியிருக்கிறார்கள்.
இத்தனை வருடம் எனக்குக் கேட்கவில்லை.
இப்போது அது மட்டும்தான் கேட்கிறது.

கையில் ஒரு முட்டைக்கோஸ்.
எதிரே ஒருவர் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார்.
அந்த இடம் வந்ததும்
நான் மூச்சை இழுக்கிறேன், சத்தமாக.
அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து
"என்னம்மா, விலை தப்பா?" என்கிறார்.